டி.எம்.சி. அண்ணன்

மன்னார்குடிக்குத் தெற்கே எந்த டீக்கடையில் ஒதுங்கினாலும் இவர் இருப்பார். பெஞ்சின் ஓரம், நாலாக மடித்த பேப்பர், காதில் சொருகிய பேனா. "என்ன அண்ணே சேதி?" என்று கேட்டால் மற்றவர்கள் தங்கம் விலை சொல்வார்கள். இவர் மேட்டூர் நீர்மட்டம், வரத்து, திறப்பு மூன்றையும் தசமப் புள்ளியோடு சொல்வார். ஊருக்கு ஊர் பட்டப்பெயர் மாறும். எங்கள் ஊரில் டி.எம்.சி. அண்ணன்.

அணையின் முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. கர்நாடகா வருஷத்துக்கு விடவேண்டியது என்று காவிரி நடுவர் மன்றம் 2007-இல் சொன்னது 192, உச்ச நீதிமன்றம் 2018-இல் ஆக்கியது 177.25. நொடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு பகல் ஓர் இரவு ஓடினால் ஒரு டி.எம்.சி. இதெல்லாம் அவருக்குத் தூக்கத்திலும் வரும். வந்திருக்கிறது என்று அண்ணியே சொல்லியிருக்கிறார். கல்யாணப் பந்தியில் ரசம் ஊற்றுகிறவரிடம் "வரத்து குறையுதே, ஷட்டரைக் கொஞ்சம் தூக்கு" என்பார். கல்லணையைக் கரிகாலன் எப்படிக் கட்டினான், 1836-இல் ஆர்தர் காட்டன் மேலணையை ஏன் கட்டினார் என்று ஆரம்பித்தால், பஸ் போய்விடும். எனக்கு இரண்டு தடவை போயிருக்கிறது.

காவிரியில் இவருக்குத் தெரியாத இடம் ஒன்றே ஒன்றுதான். இவருடைய வயலுக்குப் பாயும் வாய்க்கால். அதில் வெங்காயத்தாமரையும் காட்டாமணக்கும் மண்டி, கொக்கு நடந்தே மறுகரை போகும். "வெட்டிவிடலாமே அண்ணே" என்றால், "அது நீர்வளத்துறை வேலை" என்று அரசாணை எண்ணோடு பதில் வரும். அவர் சொல்வதில் தப்பே இருக்காது. அதுதான் சங்கடம்.

2023 ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறந்தார்கள். அணையில் 103 அடி. 2012-இலிருந்து 2019 வரை எட்டு வருஷம் அந்தத் தேதியில் திறக்காமல் காயப்போட்ட அணை, நாள் தவறாமல் திறந்தால் யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்? அண்ணன் தன் அரை வேலியிலும் குறுவை விதைக்கத் தயாரானார். பக்கத்து வரப்புக்காரப் பெரியம்மா டீக்கடை வாசலில் நின்று கேட்டது:

"இன்னைக்கு எத்தனை அடி தம்பி?"

"103. ஜூலைக்கு 31.24, ஆகஸ்டுக்கு 45.95 டி.எம்.சி. கர்நாடகா விட்டாகணும் பெரியம்மா. தீர்ப்பே இருக்கு."

"தீர்ப்புல இருக்குது, சரி. குடகுல மழை பெஞ்சுதா?"

"இன்னும் பிடிக்கலை. பிடிக்கும்."

பெரியம்மா வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டது. அதற்கு நிலம் ஆறு மா. போர் தண்ணீர் எட்டுகிற இரண்டு மாவில் மட்டும் விதைத்தது. மிச்சத்தைச் சும்மா போட்டது. அண்ணன் கடையில் உட்கார்ந்து அதன் பயத்துக்கு இரக்கப்பட்டார்.

அப்புறம் நடந்தது டெல்டாவுக்கே தெரியும். மழையும் ஏமாற்றியது, வரத்தும் ஏமாற்றியது. முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். எங்கள் முறை வந்தபோது வந்த கொஞ்சநஞ்சமும் அண்ணனின் காட்டாமணக்கைச் சுற்றிப் பார்த்துவிட்டு அங்கேயே தங்கிவிட்டது. கதிர் வாங்கும் நேரத்தில் பயிர் வைக்கோலானது. அக்டோபர் 10-ஆம் தேதி அணையை மூடினார்கள். அண்ணன் அழவில்லை. ஏக்கருக்கு எவ்வளவு நஷ்டம், அதில் கர்நாடகாவின் பங்கு எவ்வளவு, பருவமழையின் பங்கு எவ்வளவு என்று பேப்பர் ஓரத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். வாய்க்காலுக்கு அதில் பங்கு வரவில்லை.

பெரியம்மா மறுநாளும் வந்தது. "இன்னைக்கு எத்தனை அடி தம்பி?"

அண்ணனுக்கே பொறுக்கவில்லை. "நெல்லெல்லாம் போச்சு. இன்னும் எதுக்குப் பெரியம்மா தெனம் கேக்குற?"

"நீ சொல்றதை வச்சுத்தானே தம்பி நான் விதைக்கிறேன்."

அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. "கேட்டியா? கேட்டியா?" என்று ஒவ்வொருவர் தோளையும் தொட்டார். அன்றைக்குக் கடையில் இருந்த அத்தனை பேருக்கும் அவர் கணக்கில் டீ. நானும் ஒன்று குடித்தேன், சர்க்கரை தூக்கலாக.