பக்கெட் குளியல் நிபுணர்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் சிட்டிக்கும் புரோவோவுக்கும் நடுவே லீஹை என்று ஓர் ஊர். கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்து குவிந்ததில் என்னைப் போன்ற மதுரைக்காரனுக்கும் அங்கே ஒரு வீடும் முப்பது வருஷக் கடனும் வாய்த்தன. எங்கள் தெருவில் எங்களைத் தவிர எல்லாரும் மார்மன்கள். அந்தப் பெயர் வேண்டாம், முழுப்பெயரைச் சொல்லுங்கள் என்று அவர்களுடைய அப்போதைய தலைவர் ரஸ்ஸல் நெல்சன் 2018-ல் கேட்டுக்கொண்டார். முழுப்பெயர், பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. மரியாதைக்கு ஒருமுறை சொல்லிவிட்டேன். இனி ‘சபை’.

நல்ல மனிதர்கள். பனி கொட்டினால் நான் எழுவதற்குள் என் வாசலையும் சேர்த்துத் தள்ளிவிட்டுப் போயிருப்பார்கள். காபி, டீ மட்டும் தொடமாட்டார்கள். 1833-ல் வந்த கட்டளையாம். எனக்கும் அவர்களுக்கும் மதபேதம் என்று ஒன்று இருந்தால் அது காலை ஆறு மணிக்கு என் வீட்டு பில்டரில் இறங்குவதுதான்.

அவர்கள் வீட்டுப் பையனுக்குப் பதினெட்டு முடிந்தால் இரண்டு வருஷம் மதம் பரப்பும் ஊழியத்துக்குக் கிளம்புவான். முன்பெல்லாம் பத்தொன்பது, 2012-ல் ஒரு வயது குறைத்தார்கள். எந்த நாடு, என்ன பாஷை, யாரோடு தங்க வேண்டும் என்று எதையும் கேட்டு வாங்க முடியாது. நம்மூர் இன்ஜினீயரிங் கவுன்சலிங்கிலாவது இந்தக் காலேஜ் இல்லாவிட்டால் அந்தக் காலேஜ் என்று வரிசை போட்டுக் கொடுக்கலாம். இங்கே விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருப்பதோடு சரி. அழைப்புக் கடிதம் முன்பு தபாலில் கனமான வெள்ளை உறையில் வந்ததாம். இப்போது மின்னஞ்சல். ஆனாலும் சொந்தபந்தம் எல்லாம் கூடிய பிறகுதான் திறப்பார்கள்.

பக்கத்து வீட்டுப் பையனுக்கு அழைப்பு வந்தபோது எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். சுவரில் உலகப்படம். எந்த நாடு வரும் என்று ஆளாளுக்குக் குண்டூசி குத்த வேண்டும். நான் மரியாதைக்கு இங்கிலாந்தில் குத்தினேன். பையன் லேப்டாப்பைத் திறந்து வாசித்தான். பிலிப்பைன்ஸ், செபு. பாஷை, செபுவானோ. கைதட்டல், கண்ணீர், கேக். அது ஓய்ந்ததும் அறையில் இருந்த அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது.

“உங்கள் ஊருக்குப் பக்கம்தானே?” என்றார் பையனின் அப்பா.

மதுரைக்கும் செபுவுக்கும் நடுவில் வங்காள விரிகுடா, மலாய் தீபகற்பம், தென்சீனக் கடல் எல்லாம் கிடக்கின்றன. ஆனால் லீஹையிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே திக்கில் தெரியும் போலிருக்கிறது. மறுக்க வாயைத் திறப்பதற்குள் பையனின் அம்மா கேட்டார்: “அங்கே பக்கெட்டில் தண்ணீர் பிடித்துத்தான் குளிப்பார்களாமே, அதை எப்படிச் செய்வது?”

என் வாழ்நாளில் எவரும் என்னிடம் நிபுணர் கருத்து கேட்டதில்லை. ஆபீஸில் நான் எழுதும் குறிப்புகளை நானே இரண்டாம் முறை படித்ததில்லை. “கவலைப்படாதீர்கள்” என்றேன். குரலே மாறியிருந்தது.

அடுத்த சனிக்கிழமை எங்கள் வீட்டுப் பின்புறத்தில் பயிற்சி. அமெரிக்காவில் எந்தத் தமிழர் வீட்டிலும் ஒரு பிளாஸ்டிக் மக் உண்டு. எதற்கு என்று விருந்தாளிகள் கேட்கமாட்டார்கள், நாமும் சொல்லமாட்டோம். குளியலுக்கென்று தனியாக ஒன்று இருக்கிறது, பச்சை நிறம். அரை டிரவுசரும் பனியனுமாக ஆறடி உயரத்துப் பையன் வந்து முக்காலியில் உட்கார்ந்தான். மக்கில் கால்வாசி தண்ணீர் மொண்டு, செடிக்கு மருந்து விடுகிற ஜாக்கிரதையோடு தோளில் சொட்டவிட்டான். “அப்படியில்லை” என்று வாங்கிக் காட்டினேன். முதலில் காலில் ஊற்று, உடம்புக்குச் செய்தி போகும். அப்புறம் தோள். அப்புறம் மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையோடு மடமடவென்று மூன்று மக். நடுவில் யோசிக்கக் கூடாது, யோசித்தால் குளிரும். சோப்புப் போடுகிற கை வேறு, மக் பிடிக்கிற கை வேறு. அப்பா வீடியோ எடுத்தார். அம்மா குறிப்பு எடுத்தார். கடைசியில் பையன் ஒரே பக்கெட்டில் முழுக் குளியலை முடித்து, பாதம் கழுவ அரை மக் மிச்சமும் வைத்தான். என் பிள்ளைகள் ஜன்னலுக்குப் பின்னாலிருந்து என்னை மறுதலித்துக்கொண்டிருந்தார்கள்.

செலவு விவரம் பிறகுதான் தெரிந்தது. ஊழியத்துக்குச் சம்பளம் கிடையாது. அமெரிக்கப் பையன்கள் மாதம் 500 டாலர் கட்ட வேண்டும். 2020-க்கு முன்பு 400. புல் வெட்டியும் பனி தள்ளியும் சின்ன வயதிலிருந்தே அதற்குச் சேர்த்திருக்கிறான். இரண்டு வருஷத்துக்கு 12,000 டாலர். கை தன்னால் ரூபாய்க்கு மாற்றிப் பார்த்தது. பத்து லட்சம் வந்தது. எந்த பக்கெட்டை விட்டு ஓடி வருவதற்காக நான் பரீட்சை எழுதி, விசா வரிசையில் நின்று, வட்டிக்குக் கடன் வாங்கி விமானம் ஏறினேனோ, அந்த பக்கெட்டை நோக்கி இந்தப் பையன் பத்து லட்சம் கட்டிப் போகிறான்.

புரோவோ பயிற்சி மையத்தில் சில வாரம். ஐம்பதுக்கும் மேற்பட்ட பாஷைகள் சொல்லித்தருகிற இடம் அது. வருஷக்கணக்காக ஞாயிறுதோறும் தமிழ்ப் பள்ளிக்குப் போகும் என் மகளுக்கு ‘ழ’ இன்னும் பிடிபடவில்லை. இவனோ கிளம்பும்போதே செபுவானோவில் ஜெபம் செய்தான்.

அப்புறம் வாராவாரம் கடிதம் வரத் தொடங்கியது. திங்கள்கிழமை அவர்களுக்குச் சொந்த வேலை நாள்: துணி துவைப்பு, கடைவீதி, முடிவெட்டு, வீட்டுக்குப் போன். சாயங்காலம் மறுபடி ஊழியம். செபுவில் திங்கள் விடிந்தால் இங்கே ஞாயிறு பிற்பகல். அந்த நேரத்தில் பக்கத்து வீட்டு அம்மா போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். 2019 பிப்ரவரிக்கு முன்பு இந்த வாராந்தரப் பேச்சும் கிடையாதாம். கிறிஸ்துமஸுக்கு ஒன்று, அன்னையர் தினத்துக்கு ஒன்று, வருஷத்துக்கு இரண்டே போன். மதுரையிலிருந்து என் அம்மா ஒரு நாளைக்கு மூன்று தடவை கூப்பிட்டு என்ன குழம்பு என்று கேட்கிறாள். இந்தச் சபையில் பிறந்திருந்தால் 2019 வரை காத்திருக்கவிட்டிருக்க மாட்டாள்.

கடிதங்களை அந்த அம்மா தெருவுக்கே அனுப்புவார். எனக்கு மட்டும் சந்தேகங்கள் தனியாக அடிக்கோடிட்டு வரும். “காலை நாலு மணிக்குச் சேவல் கூவுகிறது என்கிறான், நிறுத்த முடியாதா?” “பக்கத்து வீட்டில் நடு இரவு வரை மைக் பிடித்துப் பாடுகிறார்களாம். இவர்களோ பத்தரைக்கு விளக்கணைத்தாக வேண்டும். போலீஸில் சொல்லலாமா?” ஆடி மாதத்து ஒலிபெருக்கிக்குக் கீழே ப்ளஸ் டூ படித்தவனிடம் கேட்கிறார். பஞ்சுதான் வழி என்று பதில் எழுதினேன். சட்டையைக் கையால் துவைத்து அவன் விரல் முட்டியெல்லாம் தோலுரிந்துவிட்டது. தெருப் பெண்கள் சிரித்துவிட்டு, சோப்பை எங்கே தேய்ப்பது, எங்கே கசக்குவது என்று சொல்லிக் கொடுத்தார்களாம். வெள்ளைச் சட்டையின் காலர் அழுக்கு பற்றி மட்டும் மூன்று கடிதம் நடந்தது.

சாப்பாட்டுப் பகுதி வந்தபோதுதான் என் நிபுணத்துவம் ஆட்டம் கண்டது. மூன்று வேளையும் சோறு, காலையில் அதோடு ‘டங்கிட்’ என்று பொரித்த கருவாடு. “இது சாப்பிடக் கூடியதுதானா?” என்று அம்மா கலங்கியிருந்தார். லீஹையில் நான் ஒரே ஒரு தடவை கருவாடு வறுத்தேன். புகை அலாரம் அலறியது. எதிர்வீட்டுக்காரர் காஸ் கசிகிறதா என்று அக்கறையோடு கதவைத் தட்டினார். மனைவி கருவாட்டுச் சட்டத்தை அன்றே இயற்றிவிட்டாள். அவனுக்கு அங்கே அது தினமும் காலையில் தட்டில் வருகிறது. “உடம்புக்கு நல்லது” என்று எழுதிவிட்டு வெகுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் ஆலோசனை சொல்ல முடியாத விஷயம் ஒன்றும் இருந்தது: ஜோடி. தனியாக எங்கும் போகக் கூடாது. ஒருவர் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில் இன்னொருவர் இருந்தே ஆக வேண்டும், குளியலறை நீங்கலாக. யார் என்பதை மேலிடம் முடிவு செய்யும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்றல் உத்தரவு வரும். ஜோடி மாறலாம், ஊர் மாறலாம், இரண்டும் மாறாமலும் போகலாம். புதிதாக வருபவனுக்குப் பயிற்சி தருகிறவனை ‘அப்பா’ என்று கேலியாக அழைப்பார்களாம். இவனுக்கு வாய்த்த அப்பாவுக்கு வயது இருபது. சோறு வடிக்கத் தெரியும், குறட்டை விடுவான், குறட்டை விடுவதை ஒப்புக்கொள்ள மாட்டான். “நீ எனக்குப் பிடிக்காததைச் செய்தாய், நான் உன்னை மன்னித்துவிட்டேன்” என்று வாரம் ஒருமுறை உட்கார்ந்து பேசிக்கொள்ள நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். என் மனைவி இதைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள். நான் அடுத்த பத்திக்குப் போய்விட்டேன்.

இன்னொரு கொடுமை, நீச்சல் தடை. சுற்றிலும் நீலக்கடல், ஆளாளுக்கு விமானம் ஏறி அந்தக் கடலில் விழ வருகிறார்கள். இவன் டை கட்டிக்கொண்டு கரையோரம் நடந்து போகலாம், அவ்வளவுதான். நனைவதற்கு அனுமதிக்கப்பட்ட ஒரே நீர்நிலை பக்கெட். அந்த வகையில் என் பயிற்சி வீண்போகவில்லை.

இரண்டு வருஷம் முடிந்து வந்தான். சால்ட் லேக் சிட்டியில் 2020-ல் திறந்த புது விமான நிலையத்தில் வரவேற்க வருகிற கூட்டத்துக்கென்றே தனி அறை கட்டிவைத்திருக்கிறார்கள். பலூனும் பேனருமாக நாங்களும் நின்றோம். பாதி உடம்பாகி, கறுத்து, கழுத்தில் டை தொங்க வந்தான். “பசிக்கிறதா?” என்று அம்மா கேட்டார். புருவத்தை ஒருமுறை தூக்கி இறக்கினான். மறுபடி கேட்டார். மறுபடி புருவம். பிலிப்பைன்ஸில் அதற்கு ஆமாம் என்று அர்த்தம் என்பதை அவன் அப்பாவுக்கு நான்தான் எடுத்துச் சொன்னேன், கடிதத்தில் படித்திருந்தேன். பெட்டி எங்கே என்றதற்கு உதட்டைக் குவித்துத் திசை காட்டினான். அந்த வீட்டில் இப்போது சோறு இல்லாமல் பொழுது விடிவதில்லை.

அடுத்த கோடையில் அவன் தம்பிக்கு அழைப்பு வந்தது. மறுபடி உலகப்படம், குண்டூசி, கேக். நான் இந்தத் தடவை வீட்டுப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். மடகாஸ்கர் வந்தால் கொசுவலை, பெரு என்றால் மலைக்காற்றுக்குக் காதுத் துணி, எதுவானாலும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட். தம்பி திறந்து வாசித்தான். ஐடஹோ, பாய்சி. பக்கத்து மாநிலம். எங்கள் தெருவிலிருந்து காரில் ஐந்தரை மணி நேரம்.

ஒரு கணம் யாரும் பேசவில்லை. அப்புறம் எல்லாரும் பலமாகக் கைதட்டினார்கள். அம்மா பெரியவனுக்கு அழுத அளவு அப்படியே அழுதார். காரில் போகிற தூரமானாலும் இரண்டு வருஷம் வீட்டுப் பக்கம் வர முடியாது, வாரம் ஒரு போன்தான். அப்பா பழக்க தோஷத்தில் என் பக்கம் திரும்பினார். “அங்கே தண்ணீர் வசதி…” என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“வாஷிங் மெஷின் இருக்கும்” என்றேன், நிபுணர் என்ற முறையில்.