கறுப்பில் வெள்ளைக் கோடு: சம்மாந்துறைத் தையல் முறை பற்றிய ஓர் ஆய்வு

கறுப்புத் துணியில் கோடிடல் என்பது, வெட்டவோ தைக்கவோ வேண்டிய இடத்தைக் காட்டிவிட்டு, வேலை முடிந்ததும் மறைந்துபோகும் ஓர் அடையாளத்தைத் துணியின் மேல் உண்டாக்குவதாகும். வெள்ளைத் துணியில் பென்சிலால் மெல்லக் கீறினாலே காரியம் முடிந்துவிடும். கறுப்பில் பென்சிலும் பேனையும் ஒருசேரக் குருடாகின்றன. உலகில் இந்தத் தொல்லையை அதிகம் அனுபவித்தவர்கள் பஞ்சு வைத்துப் போர்வை தைப்போர். பென்சில்வேனியாவின் அமிஷ் பெண்கள் கருநிறத் துணிகளில் நுணுக்கமான தையல் வளைவுகளை ஓட்டினார்கள். ஜப்பானில் அவுரி நீலம் தோய்த்த துணியில் சஷிகோ தையல் போடுவோருக்கும் இதே கதிதான். கிழக்கிலங்கைச் சம்மாந்துறையின் வெக்கையில் பஞ்சுப் போர்வைக்கு யாதொரு வேலையுமில்லை. ஆனால் அங்கே முஸ்லிம் பெண்கள் உடுத்தும் கறுப்பு மேலங்கியான ஹபாயா உண்டு; அதன் தேவைக்குப் பஞ்சமே இல்லை. ஆகவே இவ்வாய்வின் களம் ஹபாயா.

ஹபாயாவுக்கு விரும்பி வாங்கப்படும் நிதா, பொலியெஸ்டர் துணி. தன் மேல் விழும் ஒளியில் மிகச் சொற்பத்தையே கறுப்பு திருப்பி அனுப்பும். அதனால் ஒரு மெல்லிய வெள்ளைத் தூள்படலம் விழுந்தாலும் கோடு பளிச்சென்று தெரிய வேண்டும் என்பது கோட்பாடு. நடைமுறையில் நிதாவுக்கு ஒரு மினுக்கம் இருக்கிறது. டியூப் லைட் நேர்மேலே எரிந்தால் சில கோணங்களில் அந்த மினுக்கமே கோட்டை விழுங்கிவிடும். சம்மாந்துறைத் தையல்காரி வெட்டும் மேசையருகே தலையை ஒரு பக்கம் சரித்து நிற்பது இந்த ஒளியியல் காரணத்தாலேயே. யோசனையிலோ கவலையிலோ நிற்பதாக எண்ணி யாரும் ஆறுதல் சொல்லத் தேவையில்லை.

கறுப்பின் இரண்டாவது குணம், நல்ல பக்கத்தையும் உள்பக்கத்தையும் ஒன்றுபோலக் காட்டுவது. எனவே வெட்டிய ஒவ்வொரு துண்டின் உள்பக்கத்திலும் முதலில் ஒரு பெருக்கல் குறி போடப்படும். இக்குறி போட மறந்த மேசைகளில் இரண்டு இடக்கைகள் உற்பத்தியாகின்றன. வலக்கை வேண்டுமானால் மறுபடியும் துணிக்கடைக்குப் போக வேண்டும். அதே கறுப்பு அங்கே கிடைக்காது. கறுப்பு ஒரே நிறம் என்று நம்புவோர், வேறு வேறு நாளில் வாங்கிய இரு துண்டுகளை வெயிலில் சேர்த்துப் பிடித்துப் பார்க்கலாம்.

கருவிகளில் மூத்தது சோக்கட்டி. தையல் சோக்கில் உயர்ந்த இனம் டால்க் என்ற கனிமத்தால் ஆனது. 1812இல் பிரெடெரிக் மோஸ் கனிமங்களின் கடினத்தை வரிசைப்படுத்தியபோது, டால்க்கை ஆக மென்மையானதாக 1ஆம் இடத்தில் வைத்தார். அதே அளவையில் மனித நகம் ஏறத்தாழ 2.5. ஆகவே வெட்டும் மேசையில் கருவியை விடப் பிடித்திருக்கும் கையே கடினமானது. மென்மை ஒரு நன்மைதான், துணி கீறுப்படாது. தீமை, கட்டியின் கூர் சில கோடுகளிலேயே மழுங்கிவிடும். கூரான சோக்கு ஒரு மில்லிமீற்றர் அகலத்தில் கோடு போடும். மழுங்கியது மூன்று மில்லிமீற்றரில் போடும். முன்துண்டுக்கும் பின்துண்டுக்கும் பக்கம் இரண்டாக வெட்டு விளிம்புகள் நான்கு. கோட்டின் உள்ளோரமாக ஒருவர் வெட்டி, வெளியோரமாக இன்னொருவர் வெட்டினால், வித்தியாசம் நான்கு மூன்று பன்னிரண்டு மில்லிமீற்றர், அதாவது கிட்டத்தட்ட அரை அங்குலம். பெருநாளுக்கு எடுத்த ஹபாயா இறுக்கமாக இருப்பதற்கு நோன்புக் கஞ்சியையும் சமோசாவையும் மட்டும் குற்றம் சொல்வது அறிவியல் முறையன்று.

மெழுகு கலந்த சோக்கும் உண்டு. கம்பளித் துணியில் அது நன்றாக வேலை செய்யும். பொலியெஸ்டரில் அயன் பட்டதும் மெழுகு உருகி எண்ணெய்க் கறையாகத் தங்கிவிடும். கறுப்பில் எண்ணெய்க் கறை, கறுப்பை விடக் கறுப்பாகத் தெரியும். இதைப் பற்றி மேலும் பேசத் தேவையில்லை.

இவ்வாய்வின் மையப்பொருளுக்கு இப்போது வரலாம்: தேய்ந்த சவர்க்காரத் துண்டு. சோக்கட்டி காசுக்கு வாங்கப்படுவது. சவர்க்காரத் துண்டு கிணற்றடியில் விளைவது. குளியல் சவர்க்காரம் என்பது பாமெண்ணெய், தேங்காயெண்ணெய் முதலிய கொழுப்புகளிலிருந்து கிடைக்கும் அமிலங்களின் சோடிய உப்பு. புதுக் கட்டியில் நீர் கணிசமாக இருப்பதால் அது துணியில் வழுக்குமே தவிரக் கோடு போடாது. குடும்பத்தார் அனைவரும் குளித்துத் தேய்த்து, ஓரங்கள் மெலிந்து, நடு மட்டும் சற்றே புடைத்திருக்கும் நிலையில் அதை எடுத்து, வெயில் படாத ஜன்னல் கட்டில் சில நாள் காயவிட வேண்டும். காய்ந்த துண்டின் விளிம்பு இயல்பாகவே கூர். மழுங்கினால் பிளேட்டால் ஒரு சீவல் போதும். வளைந்த முதுகு பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் அளவெடுத்துச் செய்ததுபோல் உட்காரும். எந்தத் தொழிற்சாலையும் இத்தனை செம்மையான பிடியை வடிவமைத்ததாகத் தெரியவில்லை.

வெள்ளைச் சவர்க்காரமே உத்தமம். சிவப்பும் பச்சையும்கூடத் துணியில் வெளிறித்தான் விழும் என்றாலும், நிறச் சாயத்தை நம்பி வாடிக்கையாளரின் துணியை ஒப்படைக்க யாரும் விரும்புவதில்லை. கிரீம் சேர்த்த ஆடம்பரச் சவர்க்காரம் சருமத்துக்கு நல்லது, நிதாவுக்கு ஆகாது. மெழுகுச் சோக்கின் கறை வரலாறு அங்கும் திரும்பும்.

சவர்க்காரத்தின் தலையாய சிறப்பு, அது தன் வேலை முடிந்ததை அறிந்து ஒதுங்குவது. மிதமான சூட்டில் அயன் ஓடியதும் கோடு துணிக்குள் அடங்கிவிடும். சோக்கோ காலத்துக்கு முன்பே உதிரும், அல்லது காலம் கடந்தும் கிடக்கும். ஒரு கோட்டின் சரியான ஆயுள், கத்தரியும் மெசினும் அதைக் கடக்கும் வரை. அதற்கு ஒரு நிமிடம் கூடினாலும் குறைந்தாலும் பிழை. சிங்கர் நிறுவனம் 1877 முதல் இலங்கையில் தையல் மெசின் விற்கிறது; அத்தனை காலத்திலும் எந்த மெசினும் கோட்டைத் தானாக ஊகித்துக்கொள்ளக் கற்கவில்லை.

இதில் எழும் பொருளாதாரச் சிக்கல் எளிதில் ஊகிக்கத்தக்கது. நோன்பு மாதத்தில் ஓடர்கள் குவியும்போது சவர்க்காரத் துண்டின் தேவை ஏறும். குளிப்போரின் எண்ணிக்கையோ ஏறுவதில்லை. அதனால் இன்னும் பாதி கூடத் தேயாத சவர்க்காரம் இரவோடிரவாகக் கிணற்றடியிலிருந்து தையல் மேசைக்கு இடம்பெயரும். ஸுபஹுத் தொழுகைக்கு எழும்பி வரும் வாப்பா, வெறும் சவர்க்காரப் பெட்டியைப் பார்த்து நிற்பார்.

வெளிநாட்டு மாற்றுகளையும் நியாயமாகப் பரிசீலிக்க வேண்டும். சூட்டில் அழியும் பைலட் ஃபிரிக்ஸன் பேனையின் மை ஏறத்தாழ 60 பாகை செல்சியஸில் நிறமிழக்கும். பூச்சியத்துக்குக் கீழே 10 பாகைக்குப் போனால் மறுபடி தலைகாட்டத் தொடங்கும். சம்மாந்துறையில் அந்தக் குளிர் கிடைக்கும் ஒரே இடம் மீன் வைக்கும் ஃப்ரீசர் என்பதால் இரண்டாவது அபாயத்தைத் தள்ளிவைக்கலாம். முதலாவதே போதுமான இடர்: கருநிற மை கறுப்புத் துணியில் எழுதும்போது தெரியாது, அயன் பிடித்து அழித்த பிறகோ சில துணிகளில் வெளிறிய தடமாகத் தெரியும். தெரிய வேண்டிய நேரத்தில் மறைந்து, மறைய வேண்டிய நேரத்தில் தெரியும் கருவிக்கு இதைவிடத் தூய எடுத்துக்காட்டு அரிது. வெள்ளை மைப் பேனைகளில் சில, காய்ந்த பின்னரே கோட்டைக் காட்டும். பெருநாளுக்கு முந்திய இரவில் அவ்வளவு பொறுமை எந்தத் தையல் கடையிலும் இருப்பில் இல்லை.

நகக்கீறல் பருத்தியில் நிற்கும். மருதமுனைக் கைத்தறிச் சாரனின் ஓரத்தை நகத்தால் மடித்தழுத்தியே தைத்துவிடலாம். பொலியெஸ்டர் மடிப்பை மறந்துவிடும். வெள்ளை நூலால் ஓட்டுத்தையல் போடுவது யாவற்றினும் பாதுகாப்பானது. நேரமும் யாவற்றினும் கூடுதல்.

கல் வைக்கும் ஹபாயாக்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். அயன் சூட்டில் ஒட்டும் கல்லின் அடியில் பசை இருக்கும். அங்கே சோக்குத்தூள் கிடந்தால் பசை துணியை விட்டுத் தூளைப் பிடித்துக்கொள்ளும். முதல் கலியாண வீட்டிலேயே கல் உதிரும். எனவே கல்லுக்குப் புள்ளி வைப்பவர்கள் இடத்தின் மேல் வைக்காமல், இடத்துக்குப் பக்கத்தில் வைப்பார்கள்.

காற்றும் ஒரு காரணி. கச்சான் வீசும் மாதங்களில் ஜன்னலைத் திறந்தால் சோக்குத்தூள் பறக்கும்; மூடினால் வியர்வை துணியில் சொட்டும். ஃபேனைப் போட்டால் நிதா மேசையை விட்டு எழுந்து நடக்கும். நான்கு மூலைக்கும் கனம் வைத்து, ஃபேனை ஒன்றில் விடுவதே இன்றுவரை எட்டப்பட்டுள்ள சமரசம்.

இனிக் கோட்டை நீக்கல். சோக்கைத் தட்டலாம், தூரிகையால் துடைக்கலாம். ஈரத்துணியால் தேய்த்தால் தூள் இழைக்குள் இறங்கி, கோடு பட்டையாகும். இருந்தும் வாசலில் நின்று ஹபாயாவைப் பிரித்துப் பார்க்கும் வாடிக்கையாளரின் முதல் கேள்வி மாறுவதில்லை.

“என்ன புள்ள, கழுத்தடியில வெள்ளையாக் கிடக்கு?”

“அது சோக்கு ராத்தா. தட்டினாப் போயிரும்.”

தட்டினால் பெரும்பாலும் போய்விடும். உள்பக்கத்துக் கோடுகளை யாரும் நீக்குவதில்லை. அவை முதல் கழுவலில் தாமாகவே போய்விடும். கோடிட்டது சவர்க்காரத்தால் என்றால், அந்தக் கழுவலுக்குச் சவர்க்காரம் சற்றுக் குறைத்துப் போட்டாலும் போதும் என்று கணக்கிட இடமுண்டு. இந்த முடிவை எந்த உம்மாவும் ஏற்கமாட்டார்.