தீபாவளிச் சீட்டு

பண்டிகைக் கடனுக்குத் தமிழ்நாட்டுத் தெருக்கள் கண்ட மருந்து தீபாவளிச் சீட்டு. ஒரு தீபாவளி முடிந்த கையோடு அடுத்ததற்கு மாதத் தவணை தொடங்கிவிடும். வட்டிக்குப் பதில் இனிப்பு, காரம், பட்டாசுப் பெட்டி, மேற்கொண்டு ஓர் எவர்சில்வர் டப்பா. அட்டையில் கையெழுத்திட்டுப் பணம் வாங்குபவர் தெரிந்த அக்கா. அந்தப் பழக்கமே பத்திரம். ஐப்பசி பிறந்ததும் சில அக்காக்களின் வீட்டில் பூட்டுத் தொங்கும். முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடைசெய்யும் சட்டம் 2019-இலேயே வந்தாயிற்று. பூட்டு அதைப் படித்ததில்லை. வங்கியின் தொடர் வைப்பில் வட்டி உண்டு, மைசூர்பாகு கிடையாது. ஆகவே அங்கே கூட்டமில்லை. சீட்டு ஒழுங்காகக் கைக்கு வந்த வீட்டிலும் கணக்கு இடிக்கும். தலைதீபாவளி மாப்பிள்ளைக்கான மோதிரம் அட்டையின் எந்தக் கட்டத்திலும் இல்லை. அதை வாங்க மாமியாரின் வளையல் அடகுக்கடைக்குப் போகிறது.