டிம்மர் மாமா

ஹைதராபாத்தின் மௌலா அலி குன்றைச் சுற்றியுள்ள காலனிகளில் காலை நடைக்குப் போனால் மூன்று வகை பென்ஷன்காரர்கள் எதிர்ப்படுவார்கள். ரயில்வேக்காரர், 1967-இல் தொடங்கிய எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமான ஈ.சி.ஐ.எல்.லில் இருந்தவர், 1971-இல் வந்த அணு எரிபொருள் வளாகத்தில் இருந்தவர். வேலைக்காக வந்து, வீடு கட்டி, தெலுங்கில் காய்கறி பேரம் பேசக் கற்று, இங்கேயே தங்கிவிட்ட தமிழர்கள் மூன்றிலும் உண்டு. குரங்குக் குல்லாவும் கேன்வாஸ் ஷூவுமாக வருகிறவர்களில் யார் எந்த வகை என்று கண்டுபிடிப்பது கடினம். ஆனால் சட்டைப்பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் டெஸ்டர் இருந்தால் தயங்கவே வேண்டாம். அவர்தான் டிம்மர் மாமா. காலனிக்கு ஒருவராவது இருப்பார்.

மாமாவின் மகன் நியூ ஜெர்சியில் இருப்பான். லீவில் வந்தவன் ஹால் விளக்குக்கு ஸ்மார்ட் டிம்மர் ஒன்றை மாட்டி, அப்பாவின் போனில் ஆப்பை ஏற்றி, “இனிமே எழுந்து போய் ஸ்விட்ச் போடவே வேண்டாம்ப்பா, உட்கார்ந்த இடத்திலயே எல்லாம்” என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினான். அன்றிலிருந்து மாமா உட்காரவில்லை.

நோய் இதுதான். விளக்கை இருபது சதவீதத்துக்குக் கீழே இறக்கினால் படபடவென்று துடிக்கும். அணைத்துவிட்டால் சுத்தமாக அணையாது. மங்கலாக மினுக்கிக்கொண்டே இருக்கும்.

“என்னங்க, அணைச்சாலும் எரியுதே?”

“அது எரியலை. லீக்கேஜ்.”

“பேர் வச்சிட்டீங்க. சரி, அணையுமா?”

மாமிக்கு வேண்டியது விளக்கு. மாமாவுக்கு வேண்டியது காரணம். காரணம் தெரியாமல் சரியாகிவிடும் கோளாறு அவர் அகராதியில் கோளாறே அல்ல, துரோகம். “ஒரு தடவை ரீசெட் பண்ணிடுங்கப்பா, பட்டனைப் பத்து செகண்ட் அழுத்தினா போதும்” என்று மகன் வீடியோ காலில் கெஞ்சினால், “பிளான்ட்ல ஒரு மெஷின் நின்னா ஏன் நின்னதுன்னு எழுதாம ஸ்டார்ட் பண்ணவிட மாட்டோம் தெரியுமா?” என்பார். எழுதவும் எழுதினார். பால் கணக்கு நோட்டின் பின்பக்கம் லாக் புக் ஆயிற்று. நான் கண்ணால் பார்த்த பதிவு: “19.40 மணி. 15%. துடிப்பு அதிகம். ஃபிரிட்ஜ் ஓட்டத்தில். மிக்ஸி: நிறுத்தச் சொல்லப்பட்டது. (எதிர்ப்பு.)”

அடைப்புக்குறிக்குள் இருப்பது மாமி.

வைஃபை விசாரணை தனி அத்தியாயம். இந்த மாதிரி ஸ்விட்சுகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே கேட்கும். போனோ வேகம் போதாதென்று 5 கிகாஹெர்ட்ஸில் போய் உட்கார்ந்துகொள்ளும். முதல்முறை இணைக்கும்போது ஒன்றையொன்று தேடிக்கொண்டே இருக்கும். இதை மாமா அறிந்த தினத்தில் காலனி வாட்ஸ்அப் குழுவில் மூன்று நீளமான குரல் பதிவுகள் வந்தன. துடிப்புக்கும் வைஃபைக்கும் சம்பந்தமே இல்லை என்பது நாலாவது பதிவில் தெரிந்தது.

கடைசியில் எலெக்ட்ரீஷியன் வந்தான். ஏணி போட்டான், ஸ்விட்ச் பெட்டியைத் திறந்தான், எட்டிப் பார்த்தான். “ந்யூட்ரல் நை ஹை சாப்” என்றான். பழைய ஸ்விட்சே மாட்டிவிடட்டுமா என்றும் கேட்டான்.

ஐந்து நிமிஷம்! மாமா முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் தேறிக்கொண்டார், விளக்கம் சொல்லும் உரிமை இன்னும் அவரிடம்தானே இருந்தது? அந்தக் காலத்து வீடுகளில் விளக்கு ஸ்விட்சுக்கு பேஸ் கம்பி மட்டும்தான் வரும்; ந்யூட்ரல் நேராகக் கூரைக்குப் போய்விடும். சாதா ஸ்விட்சுக்கு அது போதும். ஸ்மார்ட் டிம்மரோ விளக்கு அணைந்த பிறகும் விழித்திருந்து வைஃபையைக் கேட்கவேண்டிய பிராணி. அதற்குச் சொட்டுச் சொட்டாகக் கரண்ட் வேண்டும். ந்யூட்ரல் இல்லாவிட்டால் அந்தச் சொட்டை பல்பு வழியாகத்தான் இழுக்கும். வீட்டுக்காரர் சமையலறை வழியாகத் தண்ணீர் பிடித்துப்போகும் குடித்தனக்காரர் மாதிரி. பழைய குண்டு பல்பு இதையெல்லாம் கண்டுகொள்ளாது. ஐந்து வாட் எல்.ஈ.டி. ரோஷக்காரி. வந்த சொட்டையெல்லாம் சேர்த்துவைத்து ஒரு மினுக்கு மினுக்குவாள். தவிர, பல டிம்மர்களுக்குக் குறைந்தபட்ச சுமை என்று ஒன்று உண்டு, ஒற்றை எல்.ஈ.டி. அதற்குக் காணாது.

இதற்கு பல்போடு சேர்த்துப் பொருத்தும் பைபாஸ் கெபாசிட்டர் என்று கட்டைவிரல் அளவுச் சாமான் இருக்கிறது. மாமா அதை வாங்க கோட்டி பக்கம் ட்ரூப் பஜாருக்கே போனார். விளக்குக் கடைகள் வரிசையாக நிற்கும் தெரு அது. திரும்பி வரும்போது கையில் இருந்தது நாற்பது வாட் குண்டு பல்பு. எல்.ஈ.டி.க்கு இணையாக இந்தக் குண்டு பல்பை பால்கனிக் கதவுக்கு மேலே ஒரு ஹோல்டரில் மாட்டினார்கள். சுமை கிடைத்தது, சொட்டும் அது வழியே போயிற்று. துடிப்பு நின்றது. அணைத்தால் அணைந்தது. தத்துவப்படி நூற்றுக்கு நூறு சரியான வைத்தியம், இதில் கேலி இல்லை.

“அஞ்சு வாட் பல்புக்கு நாப்பது வாட் பல்பு காவலா?” என்றாள் மாமி.

“அதைப் பல்புன்னு பார்க்காதே. லோடுன்னு பாரு.”

“கரண்ட் பில்லுல எப்படிப் பார்ப்பாங்க?”

இந்த வழக்கில் நான் மாமியின் கட்சி. ஆனால் மாமாவை விட்டுக்கொடுக்கவும் மனசு வரவில்லை. எதிர்வீட்டில் எல்லா ஸ்மார்ட் பல்பும் ராத்திரி பத்து மணிக்கு ‘ஆஃப்லைன்’ ஆகிக்கொண்டிருந்தபோது, வேலைக்காரம்மா வீட்டுக்குப் போகும்போது சிக்கனத்துக்காகச் சுவர் ஸ்விட்சுகளை வரிசையாக அணைத்துவிட்டுப் போகிறாள் என்று கண்டுபிடித்தவர் அவர்தான். அதற்குள் கம்பெனி ஆட்கள் மாற்றிக்கொடுத்த பல்புகளை எண்ணினால் ஒரு கல்யாணத்துக்கே போடலாம்.

ரஜப் மாத உருஸின்போது குன்றின் மேல் தர்காவுக்கு சீரியல் பல்பு போடுவார்கள். மாமியும் மாமாவும் பால்கனியில் நாற்காலி போட்டு வேடிக்கை பார்ப்பார்கள். “ஒண்ணு பாக்கியில்லாம எரியுது பாருங்க” என்றாள் மாமி. “அங்க டிம்மர் இல்லையே” என்றார் மாமா, கொஞ்சம் பரிதாபப்பட்டு.

குண்டு பல்பு வைத்தியம் நடந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். நான் போனபோது ஹால் விளக்கு இருபதில், பத்தில், ஐந்தில், எதிலும் அசையாமல் நின்று எரிந்தது. மாமா அதன் நேர்கீழே ஏணியை விரித்து வைத்துக்கொண்டு, வாயில் டெஸ்டருடன் நின்றிருந்தார்.

“என்ன மாமா, மறுபடியும் துடிக்குதா?”

“இல்லை. ஒரு வாரமா ஒண்ணுமே ஆகலை. அதான் சந்தேகமா இருக்கு.”