வாஸ் குமிழியல்: ஓர் ஆய்வு முன்னுரைக்கு முன்னுரை

செங்கல் உடைக்கும் வீடியோ கேம்களைப் பற்றி எழுதியவர்கள் செங்கலைப் பார்த்தார்கள், பந்தைப் பார்த்தார்கள், மட்டையை நகர்த்தத் திருகும் குமிழைப் பார்க்கவில்லை. அந்தப் பெருங்குறையைப் போக்கவே இக்கட்டுரை. குறை இருப்பதாக யாருமே முறையிடவில்லை என்பது அதன் ஆழத்தைக் காட்டுகிறது (காண்க: இதே பத்தி, முதல் வாக்கியம்).

முன்னோர் வரலாறு. 1976இல் அடாரி வெளியிட்ட பிரேக்அவுட்டே இவ்வினத்தின் முதல்வன். அதன் மாதிரி மின்சுற்றை நான்கே நாளில் வடிவமைத்தவர் ஸ்டீவ் வாஸ்னியாக். சில்லுகளின் எண்ணிக்கையை அவர் குறைத்த குறைப்பில், அடாரியால் அதை அப்படியே உற்பத்தி செய்ய முடியவில்லை. மிகையான சுருக்கத்தால் ஒரு படைப்பு பயன்படாமல் போன கதை இது. நம் ஆய்வேடுகளுக்கு இப்படியொரு விபத்து நேர்ந்ததாகச் சான்றில்லை.

மூலமும் பாடபேதமும். டைட்டோ நிறுவனம் 1986இல் ஆர்க்கனாய்டை வெளியிட்டது. அதன் கதையில் தாய்க்கப்பல் ஆர்க்கனாய்டு அழிகிறது. அதிலிருந்து தப்பிய வாஸ் என்னும் சிறுகலம்தான் திரையின் அடியில் இடவலமாக ஓடிப் பந்தைத் திருப்பியடிக்கும் மட்டை. கேம் கடை இயந்திரத்தில் 33ஆம் சுற்றில், ஈஸ்டர் தீவுச் சிலையின் முகத்தோடு டோ என்னும் எதிரி வருகிறான். நின்டெண்டோவின் வீட்டுப் பதிப்பிலோ அவன் 36ஆம் சுற்றில்தான் வருகிறான். ஆகவே மூன்று சுற்றுகள் இடைச்செருகல் என்பது என் துணிபு. செங்கல் அடுக்கில் தளர்ச்சி, நடையில் பிற்கால வாடை எனப் பல அகச்சான்றுகள் உள்ளன. எந்த மூன்று என்பதுதான் இன்னும் புலப்படவில்லை.

வில்லைகள். மேலிருந்து விழுவன, மட்டையை நீட்டும், லேசர் தரும், பந்தை மூன்றாக்கும். இன்பம் பயப்பதால் ஆய்வுக்குரியன அல்ல.

குமிழ். வீட்டுப் பதிப்புக்கென்றே வந்த கைப்பெட்டிக்கும் வாஸ் என்றே பெயர். அதில் ஒரு குமிழ், ஒரு பொத்தான், வேறில்லை. நின்டெண்டோவின் வழக்கமான சிலுவைப் பொத்தானை அழுத்தினால் மட்டை ஒரே சீராக ஊரும். பந்து வேகமெடுத்த பிறகு அந்த ஊர்தல் உதவாது. வாஸ் குமிழோ பழைய ரேடியோவின் வால்யூம் குமிழ் மாதிரி. திருப்பத் திருப்ப உள்ளே மின்தடை மாறும். குமிழ் நிற்கும் கோணமே மட்டை நிற்கும் இடம். வெடுக்கென்று திருப்பினால் மட்டையும் வெடுக்கென்று ஓடும்.

இங்கேதான் அறிவுலகம் திடுக்கிட வேண்டும். கை போவது வட்டத்தில். மட்டை போவது நேர்கோட்டில். வளைவு எந்த இடத்தில் நிமிர்ந்தது? (காண்க: என் நூல், எழுதப்படவிருப்பது, அச்சிலேறாத இரண்டாம் பதிப்பு.) சிக்கல் இத்தோடு முடியவில்லை. கடை இயந்திரத்தின் குமிழுக்கு எல்லையே கிடையாது, சுற்றிக்கொண்டே போகலாம். வீட்டுக் குமிழ் ஓரளவு திரும்பியதும் முட்டி நின்றுவிடும். எனவே முடிவிலிக் குமிழர், முட்டுக் குமிழர் என இரு பள்ளிகள் தோன்றின. இரண்டிலும் தற்போதைக்கு நான் ஒருவனே உறுப்பினன். ஆயினும் விவாதம் காரசாரமாக நடக்கிறது. முட்டுதலே மெய்யறிவு என்று காலையில் நிறுவினேன். மாலையில் அதை மறுத்தேன். மறுப்பின் தொனி பண்பாடற்றது என்று இரவில் எனக்கே கண்டனம் எழுதினேன் (காண்க: மேற்படி கண்டனம், அடிக்குறிப்பின் அடிக்குறிப்பு, அதில் மேற்கோளாகக் காட்டப்படும் இக்கட்டுரை, இதே பக்கம், இதே அடைப்புக்குறி). இவ்வகையில் என் மேற்கோள் எண்ணிக்கை ஒரே நாளில் உயர்ந்தது. முறை புதிதன்று; பேராசிரியர் பதவிகள் இதைவிட மெலிந்த குமிழ்களைத் திருகியே எட்டப்பட்டிருக்கின்றன.

பொத்தான். பந்தை ஏவவும் லேசர் சுடவும் அழுத்துவது. அழுத்தலியல் வேறு துறையின் பாற்படும். அத்துறைத் தலைவரும் நானும் பேசிக்கொள்வதில்லை.