நடைராஜர்

அறுபது வயதில் மனிதனுக்கு மூன்று காகிதங்கள் வந்து சேருகின்றன. ஓய்வூதிய ஆணை, அறுபதாம் கல்யாணத்துக்குப் புரோகிதர் எழுதித் தரும் சாமான் பட்டியல், மாஸ்டர் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட். முதல் இரண்டையும் பீரோவில் வைத்துப் பூட்டுகிறவர், மூன்றாவதை மட்டும் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறார். அன்றிலிருந்து அவர் பழைய சபாபதியும் இல்லை, சீனிவாசனும் இல்லை. அவர் நடைராஜர்.

நம் நடைராஜருக்கு ரிப்போர்ட் வருவதற்கு முன்பே முதல் அடி நர்ஸின் டேப்பால் விழுந்தது. "இடுப்பு எவ்வளவு சார்?" என்று அந்தப் பெண் கேட்டதற்கு, "முப்பத்தாறு" என்றார் தயங்காமல். அதில் பொய் இல்லை. இருபது வருஷமாக ஜவுளிக்கடையில் முப்பத்தாறுதான் வாங்குகிறார். தொப்பை வளர வளர பேண்ட் அதற்குக் கீழே இறங்கிக்கொண்டே வந்ததால் அளவு மாறவில்லை, இடம்தான் மாறியது. நர்ஸுக்கு பேண்ட்டைப் பற்றி அக்கறை இல்லை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றினார். இவர் மூச்சை உள்ளே இழுத்தார். "விடுங்க சார்." விட்டார். 106 சென்டிமீட்டர். இஞ்சில் சொன்னால் ஏறக்குறைய நாற்பத்திரண்டு. இந்திய ஆண்களுக்கு 90-ஐத் தாண்டினாலே எச்சரிக்கை மணி என்று சுவரில் படம் போட்டு ஒட்டியிருந்தது. படத்தில் இருந்தவருக்கும் தொப்பை இருந்தது மட்டும் சிறிய ஆறுதல்.

மற்ற எண்கள் பிறகு வந்தன. எடை 82 கிலோ, உயரம் 168 சென்டிமீட்டர், பி.எம்.ஐ. 29. மேலை நாட்டாருக்கு 25 வரை பரவாயில்லை, நமக்கு 23-இலேயே கோடு கிழித்துவிடுகிறார்கள். ஒல்லியாகத் தெரிகிற நம்மவர்களுக்கும் கொழுப்பு வயிற்றுக்குள்ளேயே போய்க் குடியேறிவிடுவதுதான் காரணம். "இதுல கூட நமக்கு இட ஒதுக்கீடு குறைச்சலா?" என்று நடைராஜர் கேட்டதற்கு டாக்டர் சிரிக்கவில்லை. மூன்று மாதச் சர்க்கரை 6.9 என்ற வரியின் கீழ் சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டார்.

மறுநாள் விடியற்காலை மயிலாப்பூர் லஸ்ஸில் நாகேஸ்வர ராவ் பூங்கா வாசலில் ஒரு புது ஷூ வந்து நின்றது. அதற்குள் நடைராஜர் இருந்தார். அமிர்தாஞ்சன் தைலத்தை 1893-இல் தொடங்கிய நாகேஸ்வர ராவின் பெயர் தாங்கிய பூங்கா அது. முதல் வாரம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்புகிறவர்கள் ராத்திரி அதே மனிதரின் தைலத்தைத்தான் தேய்த்துக்கொள்கிறார்கள் என்பதால், ஊருக்கு இவ்வளவு முன்யோசனையோடு நன்மை செய்தவர் வேறு ஒருவர் இருக்க முடியாது.

பூங்காவில் யாரும் யாரையும் "எந்த டிபார்ட்மென்ட்?" என்று கேட்பதில்லை. "எவ்வளவு?" என்றுதான் கேட்பார்கள். "ஏழு புள்ளி ரெண்டு." "எனக்கு எட்டு. போன தீபாவளிக்கு ஒன்பதரை." எட்டுக்காரர் சீனியர். அவர் சொல்வதை ஏழுக்காரர் மறுத்துப் பேசக் கூடாது. நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்று ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023-இல் வெளியானபோது கோஷ்டியில் கவலையைவிடப் பெருமைதான் அதிகம் தெரிந்தது. இவ்வளவு பெரிய சங்கத்தில் உறுப்பினராக இருப்பது சின்ன விஷயமா?

நடையிலும் ஆசாரம் உண்டு. எல்லோரும் பிரதட்சணமாகத்தான் சுற்ற வேண்டும். எதிர்த் திசையில் வருகிற இளைஞனைக் கோயில் பிராகாரத்தில் செருப்போடு வந்தவனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். மிதமான வேகம் எது என்பதற்கு மருத்துவர்கள் ஓர் அடையாளம் சொல்கிறார்கள்: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. இந்த விதி மயிலாப்பூரில் செல்லாது. நடைராஜரின் கோஷ்டியில் ஒருவர் மூன்று சுற்றுக்குள் கல்யாணி ராகத்தை விஸ்தாரமாக ஆலாபனை செய்து முடித்துவிடுவார். மற்றவர்கள் அரசியல் பேசுவார்கள். அரசியலில் ஒரு சிக்கல். முக்கியமான விஷயம் வரும்போது நடந்துகொண்டே சொல்ல முடியாது, நின்று, முன்னால் வந்து, விரலை நீட்டித்தான் சொல்ல வேண்டும். தேர்தல் சமயத்தில் கோஷ்டி ஒரு மணி நேரத்தில் முக்கால் சுற்றுதான் போகும். அதன்பின் வாசலில் அருகம்புல் ஜூஸ், தெருமுனையில் வடை, சர்க்கரை போடாத காபி. அரை மணி நேர நடையில் செலவாகிற கலோரி ஒரு மெதுவடைக்கே ஏறக்குறையச் சரியாகிவிடுகிறது. இரண்டாவது வடை கடன் கணக்கில் ஏறும்.

மகன் நியூஜெர்ஸியிலிருந்து ஸ்மார்ட் வாட்ச் அனுப்பிய பிறகு நடைராஜர் பத்தாயிரத்துக்கு அடிமையானார். ராத்திரி பத்தரைக்கு வாட்சில் 9,640 என்று காட்டினால் தூக்கம் வராது. பிரிட்ஜுக்கும் டி.வி.க்கும் நடுவே நடப்பார். பத்தாயிரம் என்பது எந்த வைத்தியரும் எழுதிக் கொடுத்த அளவல்ல. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு மறு வருஷம் ஜப்பானில் ஒரு கம்பெனி இடுப்பில் மாட்டிக்கொள்ளும் அடியெண்ணியை விற்கக் கிளம்பியபோது வைத்த எண் அது. அறுபது தாண்டியவர்களுக்கு ஆறாயிரத்திலிருந்து எட்டாயிரத்துக்குள்ளேயே பலன் பெரும்பாலும் வந்துவிடுகிறது என்று 2022-இல் ஓர் ஆய்வுத் தொகுப்பு சொன்னது. இதை அவரிடம் சொன்னால் கேட்கமாட்டார். மார்கழியில் ஒரு நாள் கச்சேரியில் உட்கார்ந்து தொடையில் ஆதி தாளம் போட்டுக்கொண்டிருந்தவர், தனி ஆவர்த்தனம் முடிந்ததும் தற்செயலாக வாட்சைப் பார்த்தார். இருந்த இடத்திலேயே நூற்றுக்கணக்கில் அடிகள் கூடியிருந்தன. அன்று இரவு இடது கை வாட்ச் வலது கைக்கு மாறியது. அந்த சீசனில் அவர் தவறவிட்ட கச்சேரி குறைவு. தாளம் போடாமல் கேட்ட பாட்டு அதைவிடக் குறைவு.

இதெல்லாம் வெளியரங்கம். உள்ளரங்கம் அடுப்படி.

முதல் மாதம் கொள்ளு. ரசம், சுண்டல், துவையல் என்று வீடு குதிரை லாயம்போல மணத்தது. இரண்டாவது மாதம் சிறுதானியம். குதிரைவாலிச் சோற்றை அவர் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். "போதுங்க" என்று மனைவி சொன்னால், "அரிசி இல்லையே, சிறுதானியம்தானே!" என்பார். வரகிலும் சாமையிலும் நார்ச்சத்து கூடுதல்தான். ஆனால் மாவுச்சத்து அரிசியைவிடக் கொஞ்சம்தான் குறைவு. மலையாகக் குவித்துச் சாப்பிட்டால் எந்தத் தானியமும் சிறுதானியம் இல்லை. மூன்றாவது மாதம் பேலியோ. காலையில் நூறு பாதாம் என்று எங்கேயோ படித்துவிட்டு, தட்டில் பத்துப் பத்தாக அடுக்கி எண்ணிச் சாப்பிட்டார். ஒரு பாதாமுக்கு 7 கலோரி என்று வைத்தாலும் எழுநூறு ஆகிறது. அது முழுச் சாப்பாட்டுக்குச் சமம், அதைச் சாப்பிட்டால் வேறெதுவும் தொடக் கூடாது. நடைராஜர் நூறு பாதாமைச் சாப்பிட்டுவிட்டு, வாய் வறண்டதால் துணைக்கு இரண்டு இட்லியும் சாப்பிட்டார்.

நான்காவது மாதம் பதினாறு மணி நேர உண்ணா நோன்பு. போனில் ஒரு ஆப், அதில் மணி ஓடும். "காலைல டிபன் கிடையாது. பகல் பன்னெண்டுக்கு மேலதான் முதல் சாப்பாடு. வெளிநாட்டுல எல்லாம் இதுதான் இப்ப" என்று விளக்கினார்.

"ஸ்கூலுக்குப் போறவங்களை அனுப்பி, ஆபீஸுக்குப் போறவங்களை அனுப்பி, எல்லாம் முடிச்சு ரெண்டு மணிக்கு முதல் சாப்பாடு சாப்பிட்டு முப்பத்தஞ்சு வருஷமாச்சு. எனக்கு யாரும் ஆப் கொடுக்கலை" என்றார் அம்மையார். குதிரைவாலி கணவருக்கு, அரிசிச்சோறு மற்றவர்களுக்கு, எண்ணெய் இல்லாத தோசை ஒன்று, எண்ணெயோடு ஒன்று என்று அவர் அடுப்படியில் நடக்கிற நடையை எந்த வாட்சும் எண்ணவில்லை.

நாலு மாதம் கழித்து மறுபரிசோதனை. நடைராஜர் கணக்குத் துறையில் இருந்தவர். மார்ச் 31-க்கு முந்தின வாரம் எப்படி இருக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏழு நாள் இனிப்பு இல்லை, வடை இல்லை, ராத்திரி இரண்டே இரண்டு சப்பாத்தி. வெறும் வயிற்றுச் சர்க்கரை 104 என்று வந்தது. மலர்ந்த முகத்தோடு டாக்டர் முன்னால் உட்கார்ந்தார். டாக்டர் அடுத்த வரிக்குப் போனார். மூன்று மாதச் சர்க்கரை 6.8.

"ஒரு வாரம் ரொம்ப நல்லா இருந்திருக்கீங்க" என்றார் டாக்டர். "மத்த பதினோரு வாரம்?"

ரத்தச் சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அதுவரை ரத்தத்தில் ஓடிய சர்க்கரையில் கொஞ்சம் அதற்குள் ஒட்டிக்கொண்டே வருகிறது. சாப்பிட்டதை வீட்டாரிடம் மறைக்கலாம், கோஷ்டியிடம் மறைக்கலாம், சிவப்பணுவிடம் மறைக்க முடியாது. எடையும் மூன்று கிலோ குறைந்திருந்தது. ஆனால் தொப்பை இருந்த இடத்திலேயே இருந்தது, தொடையும் புஜமும்தான் மெலிந்திருந்தன. வயதான பிறகு பட்டினி கிடந்து இளைத்தால் கொழுப்போடு தசையும் சேர்ந்து கரைகிறது. வாரத்துக்கு 150 நிமிஷ நடை சரிதான், அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கும் வேலை கொடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்கு. டாக்டர் அவரைப் பிசியோதெரபி பெண்ணிடம் அனுப்பினார்.

அந்தப் பெண் ஒரு நாற்காலியைக் காட்டி, "கையை மார்புல குறுக்கா வச்சுக்கிட்டு, முப்பது செகண்டுல எத்தனை தடவை எழுந்து உட்கார முடியுதுன்னு பார்க்கலாம் சார்" என்றாள். நடைராஜருக்குச் சிரிப்பு வந்தது. நாற்காலியில் உட்காருவதில் அவருக்கு முப்பத்தைந்து வருஷ சர்வீஸ். உட்காருவது சுலபமாகத்தான் இருந்தது. எழுவதில்தான் அனுபவம் போதவில்லை. ஒன்பதாவது முறை முனகல் வந்தது, பத்தாவது முறை வரவில்லை. அறுபதிலிருந்து அறுபத்து நாலு வயது ஆணுக்கு 14-க்குக் குறைந்தால் கால் பலம் போதாது என்று அட்டவணை சொன்னது.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி செய்தார். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த அம்மையார், "இதுக்குப் போய் ஐநூறு ரூபா ஃபீஸா?" என்று கேட்டுவிட்டு, கையில் கரண்டியோடு தானும் உட்கார்ந்து எழுந்து பார்த்தார். பன்னிரண்டில் நிறுத்தினார். முடியாமல் அல்ல, பால் பொங்கிவிட்டது. பெண்களுக்கு அந்த வயதில் வேண்டிய எண்ணும் பன்னிரண்டுதான். தரையில் அரிவாள்மணை போட்டுக் காய் நறுக்கி எழுந்த கால்கள் அவை. நடைராஜர் வெகுநேரம் அட்டவணையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் அவருக்கு ஒன்று உறைத்தது. இந்த வீட்டில் இதுவரை ஒருவருடைய ரத்தத்தைத்தான் பரிசோதித்திருக்கிறார்கள்.

மறுவாரம் அம்மையாருக்கும் செக்கப் நடந்தது. சர்க்கரை 6.1, எல்லைக்கோட்டில். ரத்த அழுத்தம் கோட்டுக்கு அந்தப் பக்கம். "இனிமே ரெண்டு சமையல் கிடையாது" என்று அன்றே அறிவித்தார் அம்மையார். எல்லோருக்கும் ஒரே சமையல். சோற்றுக் கரண்டி சின்னதாயிற்று, பொரியல் கரண்டி பெரிதாயிற்று. இலையில் காய் முதலில், கூட்டு அல்லது சுண்டல் அடுத்து, சோறு கடைசியில். மோருக்குக் கொஞ்சம் உப்பு குறைந்தது. கொள்ளுக்கு வாரத்தில் ஒரு நாள். பாதாம் பத்து. காலையில் இரண்டு பேரும் பூங்காவுக்குப் போனார்கள். அம்மையார் அரசியலுக்காக நிற்பதில்லையாதலால் நடைராஜரும் நிற்க முடியவில்லை. நடை முடிந்தால் நேரே வீடு, அங்கே அடைக்கு ஊறப் போட்டிருக்கும். வாட்சைத் தாளத்துக்கு மாற்றிக் கட்டுகிற அவசியமும் குறைந்தது. ஆப் தன்னால் மணியை ஓட்டிக்கொண்டிருந்தது, பார்ப்பார் இல்லை.

இப்படி ஒரு வருஷம். எடை 82-லிருந்து 76. இடுப்பு 98. மூன்று மாதச் சர்க்கரை 6.3. நாற்காலியிலிருந்து பதினைந்து முறை. படத்தில் போடுகிற அளவுக்கு ஒன்றுமில்லை. ஆனால் டாக்டர் முதல்முறையாகச் சிரித்து, மாத்திரையைப் பற்றி இப்போதைக்குப் பேச வேண்டாம் என்றார்.

அந்தச் சந்தோஷத்தோடு நடைராஜர் தம்பதி ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். மண்டப வாசலில் பன்னீர் தெளித்தவரே முதலில் ஆரம்பித்தார். "என்ன அண்ணே, இப்படி ஒடுங்கிட்டீங்க?" அடுத்து ஒரு சித்தப்பா வந்து தோளைத் தொட்டுப் பார்த்து, "பூசினாப்புல எவ்வளவு லட்சணமா இருப்பே! கண்ணு பட்டுடுச்சுப்பா" என்றார். மேடைக்குப் போகும் வழியில் இரண்டு பேர் "சுகரா?" என்று காதோடு கேட்டார்கள். ஒருவர், மதுரையில் ஒரு நல்ல டாக்டர் இருப்பதாகச் சொல்லி, வியாதி என்னவென்று கேட்காமலேயே நம்பர் கொடுத்தார். நடைராஜர் பையிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்தார். நம் ஊர்க் கல்யாணத்தில் ஒருவர் பையிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? ஓர் அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பந்தியில் பரிமாறுகிறவன் அவர் இலையருகே தயங்கி நின்று, "சாருக்குப் பாயசம் போடலாமா, கூடாதா?" என்று மெதுவாகக் கேட்டான். இருபது வருஷமாகத் தொப்பையோடு வந்தபோது யாரும் அப்படிக் கேட்டதில்லை.

கடைசியில் விசாரணை வழக்கம்போல அம்மையாரிடம் வந்து நின்றது. பெரிய நாத்தனார் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படியாகக் கேட்டார்: "ஏம்மா, என் தம்பியைச் சரியா கவனிக்கிறதில்லையா நீ?"

"கவனிச்சதாலதான் அண்ணி இப்படி இருக்காரு" என்றார் அம்மையார். "அவரே கவனிச்சுக்கட்டும்னு விட்டிருந்தா இன்னும் பாதாம் எண்ணிக்கிட்டிருப்பாரு."