கூடார அத்தான்

ஒன்ராறியோவில் பள்ளிக்கூடம் பூட்டி, உடுப்பிட்டியில் சோளகம் உரமாக வீசுகிற நாட்களில் கூடார அத்தான் வந்து இறங்குவார். ஊருக்கு ஒருவராவது இருப்பார். எங்கள் ஒழுங்கைக்கு இரண்டு பேர். மற்ற அத்தான்மாரின் பெட்டிகளில் சொக்லேற்றும் சவர்க்காரமும் இருக்கும். இவருடையதைத் திறந்தால் கூடாரம், மடிக்கிற கதிரை, நெற்றியில் கட்டுகிற ரோச் லைற், காற்றடிக்கிற மெத்தை. மாமிக்கு ஒன்றும் இல்லையா என்று கேட்டுவிடக் கூடாது. மாமிக்கும் ஒரு ஸ்லீப்பிங் பாக் வந்திருக்கிறது.

ஊரில் இருந்த காலத்தில் அத்தான் இருட்டினால் தனியக் கிணற்றடிக்குப் போகமாட்டாராம். அக்கா சொல்லியிருக்கிறாள். காட்டாசை கனடாவில் பிடித்தது. அங்கே 1893 இல் உருவான அல்கோன்குவின் பூங்காவில் கூடாரம் அடிப்பதென்றால் 5 மாதத்துக்கு முன்னரே விடிய 7 மணிக்குக் கணினிக்கு முன்னால் குந்தியிருந்து இடம் பிடிக்கவேண்டும். காட்டுக்குள்ளும் காணிக்கு இலக்கம் உண்டு. கரடி வரும் என்று சாப்பாட்டைக் காருக்குள் பூட்டவேண்டும். பிறகு ஒரு கோடையில் குடும்பத்தோடு கலிபோர்னியாவின் டெத் வலிக்குப் போனார். 1913 இல் 56.7 பாகை வெப்பம் பதிவான பாலைவனம் அது. அங்கே மணல்மேட்டில் ஏறி நின்றபோது அவருக்கு ஞானம் பிறந்தது: “உது எங்கடை மணற்காடெல்லோ!”

ஊரில் கூடாரம் அடிக்க முதலில் அவர் கண் வைத்தது சுண்டிக்குளத்தில். அது 2015 இல் தேசியப் பூங்காவாகிவிட்டது. உள்ளே தங்குவதென்றால் வனசீவராசிகள் திணைக்களத்திடம் போகவேண்டும். இலங்கைக் கந்தோருக்கு ஏறி இறங்குவதைவிடக் கரடி பரவாயில்லை என்று எண்ணினாரோ என்னவோ, மணற்காடே முடிவாயிற்று.

“வீடு வாசல் இருக்கேக்கை ஆரும் வெளியிலை போய்ப் படுப்பினமோ தம்பி?” என்றார் மாமி. எண்பத்தேழாம் ஆண்டு வைகாசியில் வடமராட்சியை ஆமி அடித்துப் பிடித்தபோது மாமி கோயில் மண்டபத்தில் படுத்தவர். சனங்கள் காசு கொடுத்துக் கூடாரம் வாங்கி அதற்குள் ஏன் போய்ப் படுக்கிறார்கள் என்பது அவருக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

“இயற்கையோடை இருக்கத்தான் மாமி.”

“இஞ்சை வளவுக்குள்ளை என்ன பிளாஸ்ரிக் மரமே நிக்குது?”

சொன்னாரே தவிர, வாடகை வானில் முதலில் ஏறியது மாமிதான். கூடவே இடியப்ப உரல், நீத்துப்பெட்டி, திருவலை, இரண்டு பனையோலைப் பாய், பிள்ளைகளுக்கு வயிற்றுக்குத்து வந்தால் என்று ஓமத்தண்ணி. அத்தான் பார்பிக்யூவுக்காக முதல் நாளே மசாலை பூசி வைத்த கோழி மட்டும் ஏறவில்லை. மந்திகை தாண்டினால் வல்லிபுரக் கோயில், ஞாயிற்றுக்கிழமை வேறு. ஆழ்வாருக்கு முன்னால் கோழியோடு போவதா? ஆக, பாலைவனத்தில் வாட்டுவதற்குக் கத்தரிக்காய் போனது.

குடத்தனையில் திரும்பி, சவுக்கங்காட்டைக் கடந்தால் மணல். அந்தக் காற்றும் மணலும் சேர்ந்து பழைய அந்தோனியார் தேவாலயத்தையே பாதி மூடியிருக்கின்றன. அத்தானுடைய நாலு ஆணி எந்த மூலைக்கு! அவர் செய்முறைப் புத்தகத்தைப் பார்த்து அறைவதும், அது உருவிக்கொண்டு வருவதுமாக இருக்க, வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு தொழிலாளி எழும்பி வந்தார்.

“அண்ணை, உது இஞ்சை பிடியாது. உரப்பையிலை மண்ணை நிரப்பி, கயித்தைக் கட்டித் தாழுங்கோ.”

அத்தான் சிரித்தார். இந்தக் கூடாரம் மணிக்கு 80 கிலோமீற்றர் காற்றையும் தாங்கும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது என்றார். வல்வெட்டித்துறைக்காரர் தைப்பொங்கலுக்குத்தான் பட்டம் ஏற்றுவார்கள். அத்தான் ஆவணியிலேயே ஏற்றினார். பிள்ளைகள் கைதட்டினார்கள். அக்கா, “இஞ்சாருங்கோ, கயித்தையாவது விடாதேங்கோ!” என்று கத்தினாள். கூடாரத்தை ஒரு சவுக்குமரம் பிடித்து வைத்திருந்தது. ஒரு பக்கத் துணி அந்த மரத்துக்கே சொந்தமாகிவிட்டது.

கரடிக்குப் பயந்து சாப்பாட்டை வானுக்குள் பூட்டியதும் அத்தான்தான். திறப்போடு சாரதி தேத்தண்ணிக்குப் போய்விட்டதால் இரவு எட்டு மணிவரை எல்லோரும் பட்டினி. பிறகு வந்த சுட்ட கத்தரிக்காய்ச் சம்பலும் இடியப்பமும் தேவாமிர்தம் என்பதை அத்தானும் ஒத்துக்கொண்டார். மணம் பிடித்து வந்தது ஒரு நாய் மட்டுமே. அதுவும் மாமி “அடிக்” என்றதும் திரும்பிப் பாராமல் போயிற்று.

படுக்கிற நேரம் மாமி மணலைக் கையால் நிரவிப் பாயை விரித்தார். இரண்டு பக்கமும் பேரப்பிள்ளைகள். ஸ்லீப்பிங் பாக்கைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டார். “நல்ல சாமான் தம்பி” என்று மருமகனைப் பாராட்டவும் செய்தார். ஐந்து நிமிடத்தில் குறட்டை.

அத்தானுக்குக் காதுக்குள் மணல், கழுத்தில் நுளம்பு, முதுகுக்குக் கீழே காற்றுப்போன மெத்தை. பதினொரு மணியளவில் மெல்ல எழும்பி, வானுக்குள் ஏறிக் கதவைச் சாத்தினார். முன் சீற்றில் கிடந்த சாரதி கண்ணைத் திறக்காமலே சொன்னான்:

“அண்ணை, ஏசி போடுறதெண்டால் காசு வேறை.”